எழுதாமல் விட்ட பெயர்ப்பலகை

தெருவொன்றின் வாழ்வைச் சொல்லால் மட்டுமன்றித் தூரிகையாலும் எழுதலாம். இன்று நீர்வர்ண ஓவியம் பற்றிச் சிறிது பேசுவோம்.

எண்ணெய் வர்ணத்தில் தவறு நேர்ந்தால் அதன்மேல் பூசி மறைக்கலாம். நீர்வர்ணம் அப்படியன்று. வர்ணத்தின் ஊடே தாள் தெரியும். வெயில் விழும் இடத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். தாளின் வெண்மையே அங்கு வெளிச்சமாகிறது. மென்னிறம் முதலில், கடுநிறம் பின்னர். கண்டியின் ஈரக்காற்றில் முதற்பூச்சு உலர்வதற்குள் கடைத்தெருக் கூட்டம் கலைந்துவிடும். ஆகவே எதை வரைவது, எதை விடுவது என்பதை ஓவியன் முன்னரே தீர்மானிக்க வேண்டியவனாகிறான்.

இலங்கையை நீர்வர்ணத்தில் தீட்டியோர் பலர். 1846 இல் இங்கு வந்த அயர்லாந்துக்காரரான அன்ட்ரூ நிக்கல், 1848 இல் தீவின் காடுகளையும் பழம் இடிபாடுகளையும் தேடிச் சென்று வரைந்தார். பறங்கியர் சமூகத்தவரான ஜே.எல்.கே. வன் டோர்ட்டோ (1831-1898) சாதாரண மக்களைத் தீட்டினார். அன்றைய மனிதரின் உடையையும் தொழிலையும் அறிய இன்று அப்படங்கள் நமக்கு உதவுகின்றன.

என் அனுபவத்துக்கு வருகிறேன். 1982 இல், மாணவனாயிருந்தபோது, கண்டி திருகோணமலை வீதியில் ஒரு தமிழர் கடையை வரைந்தேன். வாசலில் வெற்றிலைக் கூடை, மூட்டை சுமக்கும் நாட்டாமை, கதிரையில் முதலாளி. பெயர்ப்பலகையில் எழுத்துகளுக்குப் பதிலாக நாலு நீலத் தீற்றல்கள். தூரத்து எழுத்தை வாசிக்கும்படி வரையக் கூடாது என்றே கற்றிருந்தேன்.

1983 ஜூலையில் கண்டி நகரிலும் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. அந்தக் கடையும் எரிந்தது. குடும்பம் தமிழகம் போய்ச் சேர்ந்தது.

பல ஆண்டுகளின் பின் முதலாளியின் மகள் ஊர் பார்க்க வந்தபோது என்னைத் தேடி வந்தார். அவர்களிடம் கடையின் புகைப்படம் ஒன்றுகூட எஞ்சவில்லை. படத்தை நெடுநேரம் பார்த்தார்.

“அப்பாவோட கதிரை இதுதான். கடை பேரை மட்டும் எழுதலையே அண்ணே?” என்றார்.

கலை விதிப்படி நான் செய்தது சரி. ஆயினும் பதில் சொல்ல நா எழவில்லை. அவர் சொல்லச் சொல்ல, தாளின் பின்புறத்தில் பென்சிலால் கடையின் பெயரைக் குறித்தேன்.

இளம் ஓவியர்களே! முன்பக்கத்தில் கலைக்கு வேண்டியதை விடுங்கள். பின்பக்கத்தில் இடம், நாள், கடையின் பெயர் மூன்றையும் மறவாமல் எழுதுங்கள்.