யானை மேல் ராஜா!

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் மலைக்கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா, குட்டீஸ்? அங்கே தண்டாயுதபாணி கையில் கரும்போடு காட்சி தருகிறார். கரும்பைப் பார்த்ததுமே, 'இவர் செட்டிகுளத்து முருகன்' என்று சுற்றுவட்டார மக்கள் சொல்லிவிடுவார்கள். சிற்பமோ ஓவியமோ, அதில் இருப்பவர் யார் என்று சொல்ல இப்படி ஓர் அடையாளம் இருக்கும்.

மொகலாய ஓவியர்கள் 'இவர்தான் பாதுஷா' என்று காட்ட விரும்பினால், பல நேரங்களில் யானை மேல் ஏற்றிவிடுவார்கள்!

இரண்டு படங்களைப் பார்ப்போமா?

முதல் படத்தில் இருப்பவர் அக்பர். 1561-ல், ஆக்ராவில் 'ஹவாயி' என்ற முரட்டு யானையின் கழுத்தில் தாமே ஏறி அமர்ந்து, 'ரன் பாகா' என்ற யானையோடு மோதவிட்டார். அப்போது அவருக்கு 18 வயதுதான்! தோற்ற யானை, யமுனையில் படகுகளை வரிசையாகக் கட்டி அமைத்திருந்த பாலத்தில் ஏறி ஓடியது. ஹவாயியும் விடாமல் துரத்தியது. படகுகள் ஆட்டம் கண்டன. பார்த்தவர்கள் பதறிப்போனார்கள். அக்பர் மட்டும் அசரவில்லை! சுமார் 30 ஆண்டுகள் கழித்து, அவருடைய வரலாறான 'அக்பர்நாமா'வுக்காக பசாவன், சேத்தர் என்ற அரண்மனை ஓவியர்கள் இந்தக் காட்சியைத் தீட்டினார்கள்.

இரண்டாவது படம், 1843-ல் டெல்லியில் நடந்த ரம்ஜான் ஊர்வலம். அதன் நாயகர் கடைசி மொகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபர். யானைகள், கொடிகள், பரிவாரங்கள் என்று படத்தில் பிரமாதமான ஆடம்பரம்! ஆனால், உண்மை வேறு. அவருடைய அதிகாரம் செங்கோட்டை மதிலைத் தாண்டவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த பணத்தில்தான் அரண்மனைச் செலவே நடந்தது.

இந்தப் படம் யாரிடம் இருந்தது தெரியுமா? டெல்லியில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த தாமஸ் மெட்காஃப், தம் குடும்பத்துக்காகத் தயாரித்த ஆல்பத்தில்! அக்பரின் படம் அக்பருக்காகவே வரையப்பட்டது. ஜாபரின் ஊர்வலமோ, வெள்ளைக்கார அதிகாரியின் ஞாபகப் புத்தகத்தில் ஒரு காட்சியாகிவிட்டது.

1857 புரட்சிக்குப் பிறகு ஜாபரை ஆங்கிலேயர்கள் ரங்கூனுக்கு நாடு கடத்தினார்கள். 1862-ல் அங்கேயே இறந்தார்.

இரண்டு படங்களும் இப்போது லண்டனில் இருக்கின்றன. முதல் படம் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில்; இரண்டாவது பிரிட்டிஷ் நூலகத்தில்.

இனி பழைய ராஜா படம் எதைப் பார்த்தாலும், 'இவர் யார்?' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். 'இதை யாருக்காக வரைந்தார்கள்?' என்றும் கேளுங்கள். படத்தில் வரையாத கதையும் தெரியவரும்!