தாருன் மிஸ்டருக்கு இடம் உண்டா?

திருவனந்தபுரத்தின் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க்கைச் சுற்றி வாடகை அறைகளில் தங்கி வேலை பார்க்கும் பிள்ளைகளில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர். வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்குப் பஸ் ஏறாதவர்கள் யாராவது ஒருவர் அறையில் கூடிவிடுவார்கள். அப்படியொரு மழை ராத்திரியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். கன்ட்ரோலரைப் பிடித்திருந்த பையன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தால்சிமையே எடுத்தான்.

"மக்கா, ஒனக்கு இந்தச் சாமியார விட்டா வேற ஆளே கெடையாதா?" என்று பக்கத்திலிருந்தவன் கேட்டான்.

"நம்ம நாட்டு ஆளு வேற யாருலே இருக்கான்?"

இருக்கிறார். தாருன் மிஸ்டர் என்று பெயர். இந்திய மல்யுத்த வீரர். 1996-இல் வெளிவந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் இ.எக்ஸ் விளையாட்டில் முதன்முதலாக வந்தார். மலை போன்ற உடம்பு. எதிராளியை அள்ளித் தூக்கித் தலைகீழாகப் போடும் பிடிகள். அவற்றில் ஒன்றுக்கு பிரம்மாவின் பெயர். 2000-இல் வந்த மூன்றாம் பாகம் வரை ஆடினார். அதன்பின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் வரிசையில் அவரைக் காணவில்லை. அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் அவரைத் தெரிந்திருக்கவில்லை. இப்படி மறக்கப்பட்ட ஒரு பாத்திரம் மறுபடி மேடை ஏற என்னவெல்லாம் கூடிவர வேண்டும் என்று தேடிப் போனால், சட்டத்தில் தொடங்கி உயிரியல் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

முதலில் தால்சிமின் அதிர்ஷ்டத்தைப் பார்ப்போம். 1991-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் அறிமுகமானவர். பிறகு 1996-இல் எக்ஸ்-மென் பாத்திரங்களோடு மோதினார். 2000-இல் மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2-இல் 56 பேரில் ஒருவராக நின்றார். அதே ஆண்டு ஸ்ட்ரீட் ஃபைட்டரின் நிறுவனமான கேப்காமின் வீரர்களும் எஸ்.என்.கே. நிறுவனத்தின் வீரர்களும் மோதிய விளையாட்டிலும், 2012-இல் டெக்கன் பாத்திரங்களோடு மோதிய விளையாட்டிலும் இருந்தார். வெவ்வேறு நிறுவனங்களின் பாத்திரங்கள் ஒரே களத்தில் இறங்கும் இந்த வகை விளையாட்டை கிராஸ்ஓவர் என்கிறார்கள். தால்சிம் ஏறிய கிராஸ்ஓவர் மேடைகள் பல. மண்டையோட்டு மாலையும் நெருப்பு ஊதும் வாயுமாக இந்தியரைக் காட்டிய விதம் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. ஆனாலும் அந்த உடம்பை வடிவமைத்தவர்களின் அறிவை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஏன் என்று புரிய, இந்த விளையாட்டுகளின் உள்ளே கொஞ்சம் நுழைய வேண்டும்.

சண்டை விளையாட்டில் திரை நொடிக்கு 60 முறை மாறுகிறது. ஒவ்வொரு மாற்றமும் ஒரு பிரேம், சுமார் 16.7 மில்லி நொடி. ஒரு குத்துக்கு மூன்று பருவங்கள் உண்டு: கை கிளம்பும் பிரேம்கள், கை படக்கூடிய பிரேம்கள், கை திரும்பும் பிரேம்கள். சிறு குத்து நாலைந்து பிரேமில் கிளம்பிவிடும். மனிதக் கண் பார்த்து விரல் அசைய 200 முதல் 250 மில்லி நொடி ஆகும் என்று வைத்தால், அது 12 முதல் 15 பிரேம். ஆகவே வேகமான குத்தைப் பார்த்துத் தடுக்க யாராலும் முடியாது. எதிராளி என்ன நினைக்கிறான் என்று முன்கூட்டியே கணித்தால்தான் உண்டு. இந்த விளையாட்டுகள் விரலை விட மனதைச் சோதிப்பது இதனால்தான்.

நாம் பார்க்கும் அழகான உருவத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத பெட்டிகள் இருக்கின்றன. ஹிட்பாக்ஸ் என்பது அடிக்கும் பகுதி. ஹர்ட்பாக்ஸ் என்பது அடிபடும் பகுதி. ஒருவரின் ஹிட்பாக்ஸ் மற்றவரின் ஹர்ட்பாக்ஸைத் தொட்டால் அடி விழுந்தது என்று கணினி எழுதிக்கொள்ளும். தால்சிமின் கை ரப்பர் போல நீளக்கூடியது; அது நீளும்போது அவருடைய ஹர்ட்பாக்ஸும் கூடவே நீள்கிறது. தூரத்திலிருந்து அடிக்கிறார், நீட்டிய கையிலேயே அடி வாங்கவும் கூடும். நடையோ மெது. அவரோடு ஆடுபவர் தூரத்தைப் பற்றிய தன் கணக்கு முழுவதையும் திருத்திக்கொள்ள வேண்டும். வரிசையின் முதன்மை வீரர்களான ரியூவும் கென்னும் எழுப்பாத ஒரு கேள்வியை அவர் எழுப்புகிறார். கூப்பிட்ட மேடைக்கெல்லாம் அவர் போக முடிந்ததற்கு இதுவே முதல் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

தாருனின் நிலை வேறு. அவர் பிடித்து எறியும் வகை. ஆடத் தொடங்கியதிலிருந்தே அவர் பக்கத்தில் ரஷ்யாவின் ஸாங்கீஃப் நின்றார். அதே பெரிய உடம்பு, அதே மெதுநடை, அதே சுழற்றிப் பிடிக்கும் பிடி.

ஒரே மாதிரி இருவர் ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உயிரியலில் ஒரு பதில் உண்டு. 1934-இல் சோவியத் உயிரியலாளர் காஸ் ஒரு புத்தகம் வெளியிட்டார். சோதனைக் குழாய்களில் பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரின் இரண்டு இனங்களை ஒன்றாக வளர்த்துப் பார்த்தவர் அவர். தனித்தனியே இரண்டும் செழித்தன. ஒரே குழாயில் ஒரே உணவுக்குப் போட்டியிட்டபோது ஓர் இனம் மெல்ல மெல்ல அழிந்தது. பிறகு முந்தைய இனங்களில் ஒன்றோடு மூன்றாவதாக ஓர் இனத்தைச் சேர்த்துப் பார்த்தார். அது குழாயின் அடியில் படியும் ஈஸ்ட்டைத் தின்றது. மற்றது மேலே மிதக்கும் பாக்டீரியாவைத் தின்றது. இரண்டும் பிழைத்தன. ஒரே வாழிடத்தை ஒரே விதமாகப் பயன்படுத்தும் இரண்டு இனங்கள் நெடுநாள் கூடி வாழ முடியாது என்ற விதி இப்படி நிலைபெற்றது.

சண்டை விளையாட்டின் பாத்திரப் பட்டியலும் ஏறக்குறைய அந்தக் குழாய்தான். 2023-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 தொடக்கத்தில் 18 பேரோடு வெளியானது. அதில் ஸாங்கீஃப் இருக்கிறார். மனோன் என்ற பிரெஞ்சு ஜூடோ வீராங்கனையும் இருக்கிறார். இருவரும் பிடித்து எறிபவர்கள். ஆனால் மனோன் தன் சிறப்புப் பிடியைப் பிடிக்கும்போது ஒரு பதக்கம் கூடுகிறது, பதக்கம் கூடக் கூடப் பிடியின் பலமும் கூடுகிறது, அடுத்த சுற்றுக்கும் அது தொடர்கிறது. ஒரே குழாயில் அவர் வேறு உணவைத் தின்கிறார். ஸாங்கீஃபுக்கு இடைஞ்சல் இல்லை.

அப்படியானால் தாருனுக்கு எந்த உணவு? விடை இந்தியக் குஸ்தியிலேயே இருக்கிறது என்பது என் கட்சி. 1910 செப்டம்பரில் லண்டனில் காமா பயில்வானும் போலந்தின் ஸ்பிஸ்கோவும் மோதினார்கள். ஸ்பிஸ்கோ தரையோடு தரையாகப் படுத்துத் தன்னைக் காத்துக்கொண்டார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போராடியும் முடிவு கிடைக்காமல் ஆட்டம் சமனானது. 1928-இல் பாட்டியாலாவில் மறுபடி மோதியபோது ஒரு நிமிடத்துக்குள் காமா வென்றார். குஸ்தியின் உயிர் தரையில் இருக்கிறது. எதிராளியின் முதுகை மண்ணில் படவைப்பதுதான் வெற்றி. ஸ்ட்ரீட் ஃபைட்டரிலோ விழுந்தவனை எழும்வரை பொதுவாகத் தொட முடியாது. விழுந்த பிறகும் பிடி தொடரும் ஒரு வீரர், தரையில் கிடப்பவனோடு ஒரு தனிப் போட்டி நடத்தும் வீரர் வந்தால், ஸாங்கீஃபுக்குப் பக்கத்திலேயே அவருக்கு இடம் காலியாக இருக்கிறது.

இடம் இருந்தாலும் செலவு பெரிது. ஒரு பாத்திரத்தைச் சேர்ப்பது என்றால் ஏற்கெனவே இருக்கும் எல்லோரோடும் அவர் மோதும் ஆட்டத்தை எடைபோட வேண்டும். 18 பேர் இருந்தால் 153 ஜோடிகள். நின்டெண்டோவின் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் வரிசை 1999-இல் 12 பேரோடு தொடங்கியது. அப்போது 66 ஜோடிகள். 2018-இல் வந்த அல்டிமேட் பாகம் 2021-இல் நிறைவடைந்தபோது 89 பேர், 3,916 ஜோடிகள். தொண்ணூறாவதாக ஒருவர் வந்தால் இன்னும் 89 புது ஜோடிகள். ஒரு ரசிகர் கூட்டம் "இவரையும் சேருங்கள்" என்று கேட்கும்போது, விளையாட்டை உருவாக்குபவர்களுக்கு முன்னால் எழுவது இந்தக் கணக்கு.

அதே ஸ்மாஷ் வரிசைதான் மறக்கப்பட்டவர்களுக்கு நம்பிக்கையும் தருகிறது. கிட் இகாரஸ் விளையாட்டின் பிட் என்ற சிறகு முளைத்த பையன் 1991-க்குப் பிறகு தனக்கென ஒரு விளையாட்டில்லாமல் கிடந்தான். 2008-இல் ஸ்மாஷ் களத்துக்கு அவனைக் கொண்டுவந்தவர் இயக்குநர் மசாஹிரோ சகுராய். 2012-இல் அவனுக்குப் புது விளையாட்டே வந்தது. அதையும் சகுராயே இயக்கினார். ஃபயர் எம்ப்ளம் கதை இன்னும் அழகு. 1990 முதல் ஜப்பானுக்குள்ளேயே இருந்த வரிசை அது. 2001-இல் மார்த், ராய் என்ற அதன் இரண்டு வீரர்கள் ஸ்மாஷில் வந்தார்கள். இவர்கள் யார் என்று மேற்கு நாடுகளில் ஆடியவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். 2003-இல் அந்த வரிசை முதன்முறையாகக் கடல் தாண்டியது. கிராஸ்ஓவர் மேடை ஏறுவதற்குப் புகழ் முன்கூட்டியே இருக்க வேண்டும் என்பதில்லை. ஏறிய பிறகும் புகழ் வரலாம்.

இனி தாருனின் உண்மையான தடைக்கு வருகிறேன். ஸ்ட்ரீட் ஃபைட்டர் கேப்காமுடையது. இ.எக்ஸ் பாகங்களை உருவாக்கியது ஆரிக்கா என்ற தனி நிறுவனம். அதை நிறுவிய அகிரா நிஷிதானி, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ஐ வடிவமைத்தவர்களில் ஒருவர். அதாவது தால்சிம் பிறந்த இடத்திலிருந்து கிளம்பியவர். இ.எக்ஸுக்காக ஆரிக்கா படைத்த பாத்திரங்களின் உரிமை ஆரிக்காவிடமே தங்கியது. 1998-இல் நாம்கோவுக்காக அது செய்த ஃபைட்டிங் லேயரில் அவர்களில் இருவர் வந்தார்கள். 2018-இல் ஆரிக்கா தானே வெளியிட்ட ஃபைட்டிங் இ.எக்ஸ் லேயரில் தாருனும் திரும்பினார். ஆகவே கேப்காமின் வீட்டுக்குள் அவர் நுழைய வேண்டுமானால் இரண்டு நிறுவனங்கள் கையெழுத்துப் போட வேண்டும்.

இது நடக்கவே நடக்காதது என்று சொல்ல முடியாது. எஸ்.என்.கே.யின் டெர்ரி போகார்ட் 2018-இல் ஆரிக்காவின் அதே விளையாட்டுக்கு விருந்தாளியாக வந்தார். 2024-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-க்கும் வந்தார். ஆனால் டெர்ரிக்குப் பின்னால் 1991 முதல் அவரை மறக்காத ஒரு கூட்டம் இருந்தது. தாருனுக்கு அந்தக் கூட்டம் இல்லை. அவருடைய சொந்த நாட்டிலேயே இல்லை.

உரிமைப் பத்திரம் தேவைப்படாத வீரர்களும் இருக்கிறார்கள். இந்தக் கழக்கூட்டத்துக்கே சொந்தமாக ஒருவர் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூரின் மார்த்தாண்ட வர்மரை எதிர்த்து நின்ற எட்டு வீட்டுப் பிள்ளைமாரில் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. சி.வி. ராமன் பிள்ளையின் 1891-ஆம் ஆண்டு நாவலில் அந்த எட்டு வீடுகள் கதைக்கு உயிரூட்டுகின்றன. ஆசிரியர் 1922-இல் இறந்தார். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை என்பது இந்தியச் சட்டம். அது முடிந்து நாளாகிவிட்டது. யாரும் எடுத்து ஆளலாம். இதே டெக்னோபார்க்கில் 1999 முதல் இயங்கும் டூன்ஸ் நிறுவனம், யாருக்கும் உரிமைக் கட்டணம் தர வேண்டாத தெனாலிராமனுக்கு உடம்பும் நடையும் கொடுத்துத் தொலைக்காட்சித் தொடராக்கியது. உருவத்துக்கு உயிர் கொடுக்கும் கைகள் இந்த ஊரில் இல்லாமலில்லை.

பாத்திரத்துக்குச் சண்டை முறையும் பக்கத்திலேயே கிடக்கிறது. திருவனந்தபுரத்திலும் குமரி மாவட்டத்திலும் பயிலப்படும், அடிமுறை என்றும் பெயர் பெற்ற தெக்கன் களரி, அகத்தியரைத் தன் ஆசானாகச் சொல்லிக்கொள்ளும் மரபு. 1956-இல் ஒரு மாநில எல்லை நடுவே விழுந்தும் இரண்டு பக்கமும் கால் வைக்கும் முறை, அதாவது சுவடுகள், அதேதான். ஆசான் வாய்த்தாரி என்ற வாய்மொழிக் கட்டளைகளைச் சொல்லச் சொல்ல மாணவனின் கால் ஒவ்வொரு சுவடாக விழும்; பிரேம் பிரேமாக அசைவை எழுதும் வேலைக்கு இதைவிட நல்ல மூலம் கிடைக்காது. உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகளான வர்மங்கள் 108 என்பது மரபுக் கணக்கு: படுவர்மம் 12, தொடுவர்மம் 96. உடம்பெங்கும் ஒரே அளவாக அடி விழும் களத்தில், அடி எந்தப் புள்ளியில் விழுந்தது என்று கணக்கு வைக்கும் ஒரு வீரரை நினைத்துப் பாருங்கள். தலை, நெஞ்சு, கால் என்று வெவ்வேறு இடங்களில் லேசாகத் தொட்டுவைத்து, கடைசியில் ஒரு சிறு தட்டில் எல்லாவற்றையும் வசூலிக்கும் வீரர்.

தாருன் மிஸ்டர் ஸ்ட்ரீட் ஃபைட்டருக்குத் திரும்பும் வாய்ப்பு குறைவு என்பதே என் கணிப்பு. உடம்பில் குறையில்லை, களத்தில் இடமும் இருக்கிறது; கேட்க ஆள் இல்லை. ஃபைட்டிங் இ.எக்ஸ் லேயர் கையில் இருப்பவர்கள் இந்த வெள்ளிக்கிழமை தால்சிமை வைத்துவிட்டு அவரை எடுத்து ஒரு பத்து ஆட்டம் ஆடுங்கள். டெக்னோபார்க்கில் அனிமேஷனும் புரோகிராமிங்கும் தெரிந்த தம்பி தங்கைகளிடம் இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன்: ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசான் ஒருவரின் களரிக்குப் போய் ஒற்றைச் சுவட்டை நொடிக்கு 60 பிரேமில் படம் பிடித்து வாருங்கள்.