அளக்கும் கருவியே பொய் சொன்னால்? மின்னழுத்தச் சீராக்கியின் பழுதைக் கண்டறியும் முறை

தொலைக்காட்சி, ஒலிபெருக்கி, சலவை இயந்திரம் ஆகியவற்றைப் பழுது பார்க்கும் சிறு தொழில் கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களில் நம் இளைஞர்கள் பலருக்குக் கைகொடுக்கக்கூடியது. புதிய ஒஸிலோஸ்கோப்பும் பவர் சப்ளையும் வாங்கப் பணம் போதாமல், பழையவற்றை வாங்கித் தொழிலைத் தொடங்குபவர்கள் உண்டு. அந்தக் கருவியே தவறாக அளந்தால், நல்ல பாகத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு வாடிக்கையாளரிடம் காசு வாங்குவதில் முடியும். மின்சாரம் இருக்கும் கம்பியை 'செத்த கம்பி' என்று நம்பிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இத்தகைய கருவிகளில் அடிக்கடி சந்தேகத்துக்கு ஆளாகும் பாகம் வோல்டேஜ் ரெகுலேட்டர். தமிழில் மின்னழுத்தச் சீராக்கி. உள்ளே வரும் மின்னழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும், வெளியே ஒரே அளவைத் தருவதுதான் இதன் வேலை.

ஏற்ற இறக்கம் ஏன் வருகிறது? தோட்டத்து ஜெனரேட்டர் மாலையில் மட்டும் ஓடிய காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தால் வெளிச்சம் மங்கும். (1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாக உருவான தென்னமரம் தோட்டம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. பெயரில் தென்னை, விளைந்ததோ செம்பனை!) இன்றைய விநியோகத்திலும் ஏற்ற இறக்கத்துக்கு இடமுண்டு. 2008 முதல் மலேசியாவின் அதிகாரப்பூர்வ மின்னழுத்தம் 230 வோல்ட். அது 10 விழுக்காடு கூடலாம், 6 விழுக்காடு குறையலாம். அதாவது சுமார் 216 வோல்ட்டும் சரி, 253 வோல்ட்டும் சரி.

7805 என்னும் மூன்று கால் சீராக்கியை எடுத்துக்கொள்வோம். சில வெள்ளிக்குக் கிடைக்கும் இது 5 வோல்ட் தரும். ஆனால் அதற்குள் குறைந்தது 7 வோல்ட்டாவது போய்ச் சேர வேண்டும். அதற்கு முன்னால் இருக்கும் மின்தேக்கி, அதாவது கெப்பாசிட்டர், வயதாகி உலர்ந்துவிட்டால் உள்வரும் மின்னழுத்தம் விநாடிக்கு 100 முறை 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி ஏறும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அது முழு அலையாக நேராக்கப்படும்போது 100 ஆகிறது. ஒஸிலோஸ்கோப் திரையில் கோடு நடுங்கும், பவர் சப்ளையில் இரைச்சல் ஏறும். பழி சீராக்கியின் தலையில் விழும், குற்றவாளியோ மின்தேக்கி. சீராக்கியை மாற்றியும் பழுது தீராமல் பலர் குழம்புவது இங்கேதான்.

கருவியைத் திறக்கும் முன் உங்கள் மல்டிமீட்டரைச் சோதியுங்கள். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் மலிவான மீட்டர்கள் பலவற்றில், பேட்டரி சுமார் 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது உள்ளே இருக்கும் ஒப்பீட்டு மின்னழுத்தமும் இறங்கிவிடும். மீட்டர் அப்போது குறைவாகக் காட்டும் என்றுதான் நினைப்போம். அது கூடுதலாகக் காட்டும்! 5 வோல்ட்டை 5.6 என்று காட்டினால், நல்ல சீராக்கியைப் பிடுங்கி எறிவீர்கள். புதிய பேட்டரி போட்டு, அளவு தெரிந்த ஒன்றை அளந்து பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

இனி மூடியைத் திறக்கலாம், பிளக்கைக் கழற்றிய பிறகு. 'ஸ்விட்ச்சிங்' வகைப் பவர் சப்ளையின் பெரிய மின்தேக்கியில் சுமார் 325 வோல்ட் தங்கியிருக்கும். பழைய குழாய்த் திரை ஒஸிலோஸ்கோப்பில் ஆயிரக்கணக்கான வோல்ட். இரண்டிலும் அனுபவமில்லாதவர் தனியாகக் கை வைக்க வேண்டாம். மூன்று முனை பிளக்கின் எர்த் இணைப்பைத் துண்டிக்கவே கூடாது.

உப்பிய மின்தேக்கி, கருகிய இடம், எரிந்த ஃபியூஸ் ஆகியவற்றை முதலில் கண்ணால் தேடுங்கள். பிறகு மின்சாரம் கொடுத்து, சீராக்கியின் உள்வாயிலை அளந்து, அதன் பின் வெளிவாயிலை அளக்க வேண்டும். உள்ளே ஒன்றும் வரவில்லையென்றால் பழுது முன்னால் இருக்கிறது: ஃபியூஸ், டிரான்ஸ்ஃபார்மர் அல்லது டையோடுகள்.

உள்ளே சரியாக வந்து வெளியே ஒன்றும் இல்லாவிட்டாலும் சீராக்கி செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். பின்னால் உள்ள சுற்றில் ஷார்ட் இருந்தால், தன்னைக் காத்துக்கொள்ள அது வெளியீட்டைக் குறைத்துக்கொள்ளும். மின்சாரத்தை நிறுத்தி, வெளிவாயில் காலை மட்டும் சால்டர் நீக்கித் தூக்கிவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். 5 வோல்ட் திரும்பினால் சீராக்கி நல்லது. பழைய கருவிகளில் பெரும்பாலும் ஒரு டான்டலம் மின்தேக்கிதான் ஷார்ட் ஆகியிருக்கும். திரும்பாவிட்டால் சீராக்கியை மாற்றலாம்.

சில நிமிடம் ஓடி நின்று, ஆறியதும் மீண்டும் ஓடினால் சூடுதான் காரணம். 12 வோல்ட் வாங்கி 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் கொடுக்கும் சீராக்கி 3.5 வாட்டை வெறும் வெப்பமாக வெளியேற்றுகிறது. வெப்பத்தகடு தளர்ந்திருக்கிறதா, அதன் பசை காய்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

வெளியே 5 வோல்ட்டுக்குப் பதில் ஏறக்குறைய உள்ளே வரும் அளவே வந்தால் உடனே நிறுத்துங்கள். சீராக்கி உள்ளே ஷார்ட் ஆகியிருக்கலாம், மற்ற சில்லுகளும் அதோடு போய்விடும். சுற்றின் எர்த் இணைப்பு விட்டுப் போனாலும் இப்படி ஆகும்.

மாற்றும்போது கால்களின் வரிசையைக் கவனியுங்கள். 7805-இல் உள், தரை, வெளி என்பது வரிசை. எதிர்மின்னழுத்தம் தரும் 7905-இல் தரை, உள், வெளி. எல்எம்317-இல் சரிசெய்யும் கால், வெளி, உள். பின்புற உலோகத் தகடும் 7805-இல் மட்டுமே தரையோடு சேர்ந்தது. மற்ற இரண்டையும் மைக்கா தாள் இல்லாமல் கருவியின் உடலில் திருகினால் புதிய பழுதை நாமே உண்டாக்குகிறோம்.

கருவியை ஒரு மணி நேரமாவது ஓடவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள். அந்த அளவையும் தேதியையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள், அடுத்த முறை திறப்பவருக்கு உதவும். மழைக்கு மேகம் கூடினால் பிளக்கைக் கழற்றி வையுங்கள். பக்கத்தில் விழும் மின்னலைத் தாங்கும் அளவுக்கு எந்தச் சீராக்கியும் செய்யப்படவில்லை.