தடாகத்தின் அடியை யார் பார்ப்பது?

ஸ்பிரிங்வெளி என்ற பெயரில் பாதி ஆங்கிலம், பாதி நம்முடையது. துரை 'வேலி' (valley) என்று சொன்னதை நம் ஆட்கள் 'வெளி' ஆக்கிக்கொண்டார்கள். 'ஸ்பிரிங்' மட்டும் அப்படியே நின்றுவிட்டது. ஊற்று என்று பொருள். நமுனுகுல மலைச் சரிவில் இருக்கும் தோட்டத்துக்குப் பொருந்தாத பெயர் அல்ல.

மலைத் தோட்டங்களில் தண்ணீர் பார்க்கவென்றே ஓர் ஆள் இருப்பார். விடியற்காலையில் கத்தியோடு ஊற்றுக்கண் வரை ஏறுவார். வலையில் அடைத்த இலையை அள்ளுவார். குழாய்ப் பொருத்துகளைக் கையால் தடவிப் பார்ப்பார். டாங்கி மூடி விலகியிருந்தால் கல்லை வைத்து அழுத்திவிட்டு இறங்குவார். லயத்துப் பீலியில் தண்ணீர் மெலிந்தால் முதல் ஏச்சு அவருக்குத்தான். பரிசோதகர் என்று அவரை யாரும் அழைத்ததில்லை. ஆனால் அவர் செய்தது அந்த வேலைதான்.

அவருடைய பேரன் வயதுப் பையன்கள் இப்போது வேறு தண்ணீரைப் பார்க்கிறார்கள். எல்ல, பண்டாரவளைப் பக்கத்து வில்லாக்களிலும் கொழும்பில் வசதியானவர்களின் வீடுகளிலும் நீச்சல் தடாகத்தைப் பராமரிப்பது பல இடங்களில் தோட்டத்துப் பிள்ளைகள். எல்லப் பக்கத்து வில்லா ஒன்றில் அப்படி ஒரு தம்பியோடு பேசிக்கொண்டிருந்தேன். இலை அள்ளும் வலையைப் பிடித்திருந்த விதத்திலேயே கெட்டிக்காரன் என்று தெரிந்தது.

"இந்த மோட்டரை வெளியாள் யாராவது வந்து பாத்திருக்காங்களா?"

"எரிஞ்சப்போ பாஸ் ஒருத்தர் வந்து மாத்திட்டுப் போனாருங்க."

"அடியில இருக்கிற மூடியை?"

"அதுல பாக்க என்னங்க இருக்கு?"

அவன் மேல் பிழையில்லை. அந்தக் கேள்வியை அவனிடம் யாருமே கேட்டதில்லை.

தடாகத்தின் ஆழமான பகுதியில், தரையோடு தரையாக ஒரு வலைமூடி இருக்கும். அதன் வழியாக பம்ப் தண்ணீரை இழுத்து, பில்டருக்கு அனுப்பித் திரும்பக் கொண்டுவருகிறது. மூடி உடைந்தோ கழன்றோ போனால் அந்த இடம் வெறும் ஓட்டையாகிவிடும். எட்டு அங்குல விட்டமுள்ள வாயை ஒரு குழந்தையின் முதுகு முழுதாக அடைத்துவிட்டது என்று வையுங்கள். உள்ளே அழுத்தம் அரை வளிமண்டலம் குறைந்தாலே, அந்த முதுகை 160 கிலோவுக்கு மேற்பட்ட எடை அழுத்துவதற்குச் சமம். தகப்பன் குதித்து இழுத்தாலும் விடாது. மோட்டரை நிறுத்தினால்தான் பிடி தளரும்.

அமெரிக்காவில் 2002இல் வர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற ஏழு வயதுச் சிறுமி இப்படித்தான் ஒரு வெந்நீர்த் தொட்டியின் அடியில் சிக்கி இறந்தாள். முன்னாள் வெளியுறவுச் செயலாளர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி. அவள் தாய் விடாமல் போராடியதில் 2007 டிசம்பரில் அவள் பெயராலேயே ஒரு சட்டம் வந்தது. உறிஞ்சு வாய்களுக்குப் பாதுகாப்பான மூடி கட்டாயமாயிற்று. செல்வாக்கான குடும்பத்துக்கே சட்டம் வர ஐந்து ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

ஆகவே தடாகத்தைச் சோதிக்கத் தெரிந்தவர் தண்ணீரின் நீலத்தைப் பார்த்து மயங்க மாட்டார். அடிமூடியில் வெடிப்பு உண்டா, திருகாணி எல்லாம் இருக்கிறதா, உறிஞ்சு வாய் ஒன்றா இரண்டா என்றுதான் முதலில் பார்ப்பார். ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு வாய்கள் இருந்தால், ஒன்றை உடல் அடைத்தாலும் மற்றது வழியாகத் தண்ணீர் போகும். பிறகு மோட்டர் அறை. அவசரத்துக்கு நிறுத்தும் சுவிட்ச், தடாகத்தில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கிறதா? ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் துண்டிக்கப்படுகிறதா? தண்ணீருக்குள் எரியும் விளக்கின் வயரில் ஒட்டுப் போட்டிருக்கிறதா? 230 வோல்ட் ஓடும் வீட்டில், ஈர உடம்போடு நிற்கும் பிள்ளைக்குப் பக்கத்தில், இவை சில்லறைக் கேள்விகள் அல்ல.

இதுவரை சொன்னது கொழும்புக்கும் பொருந்தும். ஊவாவுக்கென்று தனியாக ஒன்று உண்டு. அது சரிவு.

எட்டு மீற்றர் நீளம், நாலு மீற்றர் அகலம், சராசரி ஒன்றரை மீற்றர் ஆழம் என்றால் பெரிய தடாகம் அல்ல. அதில் நிற்கும் தண்ணீரின் எடை 48 தொன். அதைத்தான் மலை விளிம்பில், தூரத்து மலைகள் தெரியட்டும் என்று, ஒரு பக்கச் சுவரே கண்ணுக்குத் தெரியாதபடி கட்டுகிறார்கள். வழிந்து விழும் தண்ணீரைப் பிடிக்கக் கீழே இன்னொரு தொட்டியும் வேண்டும். படம் எடுக்க அழகுதான். மேலிருந்து பார்க்கிறவருக்கு அந்தச் சுவரின் அடிவாரம் தெரியாது என்பதுதான் சங்கடம். சோதிக்க வருகிறவர் சரிவில் இறங்கி, சுவரின் வெளிப்பக்கத்தைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். ஈரத்திட்டு, புதிய வெடிப்பு, அதுவரை இல்லாத ஊற்று, சாய்ந்த மரம் இவைதான் தடயம்.

ஒழுக்கு இருக்கிறதா என்று அறிய ஒரு வாளி போதும். வாளியில் தடாகத்துத் தண்ணீரை நிரப்பிப் படியில் வைத்து, வாளிக்குள்ளும் வெளியிலும் நீர்மட்டத்தைக் கோடு போட்டு, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் ஆவியாகிப் போயிருக்கிறது. கச்சான் வீசும் மாதங்களில் அது சற்று அதிகமாகவே இருக்கும். வெளியில் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் தண்ணீர் மண்ணுக்குள் போகிறது. மேலே சொன்ன தடாகத்தில் நாளுக்கு ஒரு சென்ரிமீற்றர் ஒழுக்கு என்றால் 320 லீற்றர். மாதத்துக்குப் பத்தாயிரம் லீற்றருக்குக் கிட்ட. அவ்வளவும் வில்லாவுக்குக் கீழே இருக்கும் மண்ணை ஊறவைக்கிறது. அந்த மண்ணுக்கும் கீழே யாருடைய லயம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது மற்றதெல்லாம்.

2014 ஒக்ரோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை மறந்தவர் இந்தப் பதுளை மாவட்டத்தில் இல்லை. அங்கே தடாகம் எதுவும் காரணமில்லை, மழைதான். ஆனால் ஊறிய மண் என்ன செய்யும் என்று நமக்கு அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல வேண்டியதில்லை. பதுளை போன்ற மாவட்டங்களில் கட்டடம் எழுப்பும் முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு ஆய்வு கேட்கப்படுகிறது. கட்டி முடித்துப் பத்தாவது வருடத்தில் அந்தச் சுவர் எப்படி நிற்கிறது என்பது வேறு கேள்வி.

இதற்கு எதிரான தவறும் உண்டு. கழுவுவதற்கென்று அடைமழை மாதத்தில் தடாகத்தை முழுதாக வடித்துவிடுவார்கள். சுற்றிலும் ஊறிய நிலத்தின் நீர் வெற்றுத் தொட்டியைக் கீழிருந்து மேலே தள்ளும். தரை வெடித்துப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் அந்த வேலை வேண்டாம்.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சோதனைப் பெட்டி வாங்கினால் அளவு அதிலேயே இருக்கும். பிஎச் 7.2க்கும் 7.8க்கும் நடுவில், குளோரின் லீற்றருக்கு ஒரு மில்லிகிராமுக்குக் குறையாமல். கரையில் நின்று பார்த்தால் அடிமூடி தெளிவாகத் தெரிய வேண்டும்; தெரியாவிட்டால் அன்று யாரையும் இறக்கக் கூடாது. குளோரின் வாடை மூக்கைத் துளைத்தால் மருந்து தாராளமாக இருப்பதாக நினைக்கிறார்கள். வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் வாடை அது. தேயிலை மலையில் மருந்து அடித்தவர்களுக்குத் தெரிந்த எச்சரிக்கைதான் இங்கேயும்: குளோரின் தூளும் அமிலமும் ஒரே அலுமாரியில் இருக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் எழும் வாயு ஆளைக் கொல்லும்.

பில்டர் என்றதும் வெளிநாட்டுச் சாமான் என்று நினைக்க வேண்டியதில்லை. அனுராதபுரத்து இரட்டைக் குளங்களான குட்டம் பொக்குணவில், தண்ணீர் குளத்துக்கு வரும் முன் சிறு தொட்டிகளில் வண்டலை இறக்கிவிட்டு வர வழி செய்திருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய வேலை. அந்த வண்டலையும் அவ்வப்போது அள்ள யாரோ ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

இனி வேலி. சிட்னியில் வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் வீடு வாங்கிய நம் சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். 2016 ஏப்ரலிலிருந்து நியூ சவுத் வேல்ஸில் தடாகமுள்ள வீட்டை விற்கும்போது, அது விதிப்படி இருக்கிறதா இல்லையா என்ற சான்றிதழும் ஒப்பந்தத்தோடு வர வேண்டும். வேலி 1.2 மீற்றர் உயரம். அடியில் பத்து சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி ஆகாது. கேற் தானாகச் சாத்தித் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். பரிசோதகர் கேற்றைச் சற்றே திறந்து கையை விடுவார். தானாகப் பூட்டாவிட்டால் 'விதிப்படி இருக்கிறது' என்ற சான்றிதழ் கிடைக்காது. பிள்ளை ஏறக்கூடிய கதிரையோ பூச்சட்டியோ வேலியோரம் இருந்தாலும் அதே கதிதான். நம்மூர் வில்லாக்களில் வேலி காட்சியை மறைக்கிறது என்கிறார்கள்.

இங்கே யார் வந்து பார்ப்பது? கட்டிய கொந்தராத்துக்காரர் தன் வேலையைத் தானே குறை சொல்ல மாட்டார். மருந்து விற்பவர் மருந்தைத்தான் பார்ப்பார். ஹோட்டல் சமையலறைக்கு வருகிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தடாகத்தையும் எட்டிப் பார்க்கலாம், ஆனால் மோட்டரும் சுவரும் அவர் படித்த பாடம் அல்ல. பிரதேச சபை அனுமதி புதுப்பிக்கும்போது, கட்டியதிலும் மருந்து விற்றதிலும் சம்பந்தமில்லாத பொறியியலாளர் ஒருவரின் அறிக்கையைக் கேட்டால் என்ன? பண்டாரவளையில் ஹோட்டல் பாடசாலை இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் இந்தத் தொழிலைத் தமிழில் படித்துச் சான்றிதழ் வாங்க அங்கே இடம் வேண்டும். தண்ணீர் பார்ப்பது அவர்களுக்குப் பரம்பரை வேலை.

அதெல்லாம் நடக்கும்வரை, வில்லா வைத்திருக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நாளைக் காலை மோட்டரை நிறுத்திவிட்டு அந்த அடிமூடியை நீங்களே ஒருமுறை பாருங்கள். மோட்டர் சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று அந்தத் தம்பிக்கும், வந்து தங்குகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் காட்டிக்கொடுங்கள்.