சான்றிதழ் வந்துவிட்டது, வேலை எங்கே இருக்கிறது?

“பிள்ளை என்ன படித்திருக்கிறான்?” என்று திருமண வீட்டில் எவரேனும் கேட்டால், பொறியியல் என்றோ வணிகவியல் என்றோ விடை சொல்லும் பெற்றோரின் குரல் ஓங்கி ஒலிக்கிறது. உடற்பயிற்சியாளர் பயிற்சி முடித்திருக்கிறான் என்று சொல்ல நேர்ந்தால் அதே குரல் சற்றே தாழ்ந்துவிடுகிறது. “கர்லாக்கட்டை சுற்றுகிற வேலையா?” என்று அடுத்த கேள்வி வந்துவிடுமோ என்ற கூச்சம்தான் காரணம். அன்பிற்குரிய வாசகர்களே, அந்தக் கேள்வி வந்தால் வரட்டும். அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று அந்தப் பிள்ளையின் முன்னால் நிற்கிறது. படிப்பு முடிந்தது, சான்றிதழும் வந்தது, பெரம்பலூரிலும் அரியலூரிலும் இதற்கு வேலை எங்கே இருக்கிறது?

நாம் வாழும் பகுதியின் அளவை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்தது பெரம்பலூர் மாவட்டம். அதிலிருந்து 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் சேர்ந்து, 2007இல் நிலையாகத் தனித்து நின்றது அரியலூர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்டத்தின் மக்கள் தொகை 5,65,223. தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே அதுதான் மிகக் குறைவு. அரியலூரில் 7,54,894. சென்னையிலும் கோவையிலும் உள்ளது போல, பல கிளைகளைக் கொண்ட பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் ஆள் எடுக்கும் நிலை இங்கே இல்லை. சிற்றூர் ஜிம் என்பது பெரும்பாலும் ஒருவர் முதல் போட்டு, அவரே திறந்து, அவரே பயிற்சி சொல்லி, அவரே பூட்டிச் செல்லும் இடம். அங்கே போய் வேலை கேட்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் விடை என்ன? காலை ஐந்து மணிக்குத் திற, இரும்புகளை அடுக்கி வை, இரவு பத்து மணி வரை நில், சம்பளம் பிறகு பார்க்கலாம் என்பதுதான். இடையில் பகல் முழுவதும் வேலையில்லை. வீட்டுக்குப் போய்த் திரும்பப் பேருந்துக் கட்டணம் வேறு.

வேறு சில பெற்றோர் அரசுப் பள்ளிப் பக்கம் கண் வைக்கிறார்கள். இதில் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். பள்ளி உடற்கல்வி ஆசிரியர் வேலை வேறு. உடற்பயிற்சியாளர் வேலை வேறு. முன்னதற்கு உடற்கல்வியில் பட்டமோ பட்டயமோ முறையாகப் பெற்றிருக்க வேண்டும். 1920இல் ஹாரி குரோ பக் என்பவர் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, காரைக்குடி அழகப்பா உடற்கல்விக் கல்லூரி, 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் போன்றவை அதற்கான வாசல்கள். விளையாட்டுப் பயிற்றுநர் வேலைக்கு பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயத்தை மதிப்பார்கள். மூன்று மாதமோ ஆறு மாதமோ படித்து வாங்கிய ஜிம் சான்றிதழைக் கொண்டு இவற்றுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பது காலத்தை வீணாக்குவதாகும்.

சான்றிதழின் தரத்தைப் பற்றியும் ஒரு சொல். வழக்கறிஞருக்குப் பார் கவுன்சில் இருப்பது போல, உடற்பயிற்சியாளரைப் பதிவு செய்யும் சட்டபூர்வமான மன்றம் நம் நாட்டில் இல்லை. மத்திய அரசின் திறன் மேம்பாட்டு அமைப்பின் கீழ் விளையாட்டு, உடற்கல்வித் துறைக்கான திறன் கவுன்சில் ஒன்று சான்று வழங்குகிறது. அமெரிக்க நிறுவனங்கள் சிலவற்றின் தேர்வுகளையும் நம் பிள்ளைகள் எழுதுகிறார்கள். சுவரில் தொங்கவிட அழகான தாளை அச்சடித்துக் கொடுக்கும் நிலையங்களும் இருக்கின்றன. கட்டணம் கட்டுவதற்கு முன்பே இதை விசாரிப்பது பெற்றோரின் வேலை.

அப்படியானால் வேலைதான் எங்கே? நோயாளி மருத்துவரின் அறையை விட்டு வெளியே வரும் இடத்தில் அது தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு இந்நோய். நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். கணக்கு இதைவிடக் கூடுதலாக வந்தாலும் வியப்பதற்கில்லை. வெள்ளிக்கிழமை பிரியாணியையும் இரவு பத்து மணிப் பரோட்டாவையும் நான் இங்கே விசாரணைக்கு இழுக்கவில்லை. “தினமும் நடங்கள், எடையைக் குறையுங்கள்” என்று மருத்துவர் சொல்லிவிட்டு மருந்துச் சீட்டை நீட்டுகிறார். எவ்வளவு வேகத்தில் நடப்பது, எந்தச் செருப்போடு நடப்பது, இன்சுலின் போட்டபின் எப்போது நடப்பது, முழங்கால் வலித்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் விளக்க அவருக்கு நேரமில்லை. வெளியே நாற்பது பேர் அமர்ந்திருக்கிறார்கள்.

இந்த இடைவெளியை நிரப்பத் தெரிந்த பிள்ளைக்கு வேலை உண்டு. உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. ஆகவே உணவுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிட நடையே பயன் தருகிறது. வாரத்திற்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்திருக்கிறது. நடைப்பயிற்சியோடு நின்றுவிடும் நம் பெரியவர்கள் இந்த இரண்டாம் பகுதியை அறியவே மாட்டார்கள்.

ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். நாற்காலியில் அமர்ந்து தொழுபவர்களின் எண்ணிக்கை பள்ளிவாசல்தோறும் கூடிக்கொண்டே வருகிறது. இயலாதவருக்கு மார்க்கம் தந்த சலுகை அது; குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் ஐம்பத்தைந்து வயதிலேயே அந்த நாற்காலி அவசியமாகிவிடுவதற்குப் பல வேளைகளில் தொடைத் தசை தளர்ந்துபோனதும் ஒரு காரணமாக இருக்கிறது. நாற்காலியில் அமர்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மீண்டும் அமரும் எளிய பயிற்சியை முறையாகச் செய்தால் தொடை வலுப்பெறுகிறது. தேய்ந்த முழங்காலின் வலியும் பலருக்குக் குறைகிறது. நம் பாட்டனார்கள் பஸ்கி என்று எடுத்ததன் சாந்தமான வடிவம் இது. இதற்கு இயந்திரம் வேண்டாம். குளிரூட்டிய அறை வேண்டாம். சொல்லித் தரும் ஒருவர் வாரம் மூன்று நாள் வர வேண்டும். தம் தந்தையார் மீண்டும் தரையில் ஸஜ்தா செய்வதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று ஒரு மகனிடம் கேட்டுப் பாருங்கள்!

லெப்பைக்குடிகாடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் இருபது, முப்பது ஆண்டுகள் சபரில் கழித்துவிட்டு, சர்க்கரையோடும் கொழுப்போடும் ஊர் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலைகளில் முறைவேலை பார்த்து, உறக்கமும் உணவும் நேரம் தவறியவர்கள் இருக்கிறார்கள். 2023 நவம்பரில் அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டது. விடியற்காலையில் அங்கே நடப்பவர்களோடு தானும் நடக்கும் பயிற்சியாளருக்கு விளம்பரத் தட்டி தேவைப்படாது. 2016இல் 500 ஊராட்சிகளுக்கென்று அறிவிக்கப்பட்ட அம்மா உடற்பயிற்சிக் கூடங்களில் பல பூட்டிக் கிடப்பதாகப் பின்னர்ப் பத்திரிகைகள் எழுதின. உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருக்குமானால், சாவி யாரிடம் இருக்கிறது என்று ஊராட்சியில் போய்க் கேட்கலாமே.

இந்த வேலையில் ஆபத்தும் உண்டு. கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று, உடற்பயிற்சிக்குப் பின் உடல் நலிந்து 46ஆம் வயதில் மாரடைப்பால் மறைந்தபோது, ஜிம் என்றாலே அஞ்சியவர்கள் பலர். பயிற்சியாளர் அந்த அச்சத்தை மதிக்க வேண்டும். கனடாவில் உருவாகி உலகெங்கும் வழங்கும் ஏழு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றுண்டு. இதயக் கோளாறு இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறாரா, உழைக்கும்போது நெஞ்சு வலிக்கிறதா, சென்ற மாதத்தில் சும்மா இருக்கும்போதே வலித்ததா, தலைசுற்றி விழுந்ததுண்டா, மூட்டில் கோளாறு உண்டா, இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மருந்து சாப்பிடுகிறீர்களா, வேறு ஏதேனும் தடை உண்டா என்பவை அவை. ஒன்றுக்கு ‘ஆம்’ என்று விடை வந்தாலும் முதலில் மருத்துவரைப் பார்த்து வரச் சொல்ல வேண்டும். இதைத் தமிழில் ஒரு தாளில் அச்சடித்து, கையொப்பம் வாங்கிய பிறகே பயிற்சியைத் தொடங்கும் பிள்ளையை மருத்துவரும் நம்புவார்; தம்மிடம் வருபவர்களை அவனிடம் அனுப்பவும் செய்வார். 2022இல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பின் மருத்துவர்களைச் சந்திப்பது முன்பு போல அரிதாகவும் இல்லை.

நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவியையும் அவன் கற்றிருக்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும் என்பது கணக்கு. நாள்பட்ட இடுப்பு வலிக்கும் பக்கவாதத்துக்கும் சிகிச்சை செய்யப் புகக் கூடாது. அது இயன்முறை மருத்துவரின் எல்லை. 2021ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்துகிறது. தசை பெருக்கும் ஊசியையும் மாத்திரையையும் மறைவாக விற்றுக் காசு பார்க்கும் பழக்கம் சில ஜிம்களில் இருக்கிறது. அந்த வருமானம் ஹலாலா என்று என்னிடம் வந்து கேட்க வேண்டியதில்லை. ஈரலும் இதயமும் கெட்ட இளைஞனின் தாயாரிடம் கேட்டால் போதும்.

இனிப் பெண்மக்களைப் பற்றி. 2024இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் போதிய உடலுழைப்பு இல்லாத ஆண்கள் நூற்றுக்கு 42, பெண்கள் 57. ஆண்களும் பெண்களும் கலந்திருக்கும் கூடத்துக்கு நம் சகோதரிகள் போக மாட்டார்கள். இசை ஒலிக்கும் கூடத்துக்குச் சிலர் போக மாட்டார்கள். ஆகவே பயிற்சி முடித்த பெண் ஒருத்தி நம் ஊர்களில் இருந்தால் அவளைத் தேடி வருபவர்களுக்குக் குறைவிருக்காது. பிள்ளைகள் பள்ளிக்குப் போய், சமையலும் ஒருவாறு முடிந்த பத்தரை மணிக்கு, ஒரு வீட்டு மாடியில் எட்டுப் பெண்கள் கூடினால் அதுவே அவளது கூடம். பெண்ணுக்கு இந்த வேலை தகுமா என்று தயங்கும் பெரியவர்களுக்கு ஒன்றை நினைவூட்டலாம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதை ஹதீஸ் நூல்கள் பதிந்து வைத்திருக்கின்றன. சவூதி அரேபியாவே 2017இல் பெண்களுக்கான உடற்பயிற்சிக் கூடங்களுக்கு உரிமம் வழங்க முன்வந்தது.

சவூதி என்றதும் உங்களில் சிலருக்கு விசா நினைவு வந்திருக்கும்! போகலாம், ஆனால் வெறுங்கையோடு போக முடியாது. அமீரகத்தில் பயிற்சியாளர்களுக்கென்று தனிப் பதிவேடு இருக்கிறது. அது ஏற்கும் சான்றிதழ் வேண்டும். ஆங்கிலம் பேச வேண்டும். விசாவில் வேறு வேலையின் பெயர் இருந்தால், போன பின் எதையும் கேட்க முடியாது. ஏஜெண்டிடம் பணம் கட்டும் முன், அவர் அரசிடம் பதிவு செய்தவரா என்று பாருங்கள்.

ஊரிலேயே நிற்கும் பிள்ளைக்கு இரண்டு இடையூறுகள் நம்மிடமிருந்தே வருகின்றன. முதலாவது, கூலியைப் பற்றிய நம் மனப்பான்மை. “நம்ம பையன்தானே, வந்து சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகட்டும்” என்பார்கள். ஓதிக் கொடுப்பவனுக்கே மாதக் கடைசியில் இந்த அனுபவம் உண்டு என்பதால் அவன் சங்கடம் எனக்கு விளங்குகிறது. வீட்டுக்கு மாதம் 1,500 ரூபாய் என்று வைத்து, எட்டு வீடுகள் ஒழுங்காகக் கொடுத்தால் 12,000 ரூபாய். மூன்று வீடுகள் ‘அடுத்த மாதம்’ என்று சொன்னால் அவன் திருச்சிக்குப் பேருந்து ஏறிவிடுவான்.

இரண்டாவது, முதல். சிறிய கூடம் வைக்க விரும்புபவர் மாவட்டத் தொழில் மையத்தையும் சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தையும் அணுகலாம். ஆனால் அவை வட்டியோடு கூடிய கடன்கள் என்பதால் பலர் விலகி நிற்கிறார்கள். அதற்கு மாற்றாக நம் மார்க்கச் சட்டம் காட்டும் முளாரபா முறை இருக்கிறது. சபரிலுள்ள மாமாவோ மச்சானோ முதல் போடுகிறார், பிள்ளை உழைக்கிறான், லாபத்தை இத்தனை பங்கு என்று விகிதமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். மாதம் இவ்வளவு ரூபாய் என்று உறுதி கேட்டால் அது முளாரபா ஆகாது. பிள்ளையின் கவனக்குறைவின்றி நட்டம் வந்தால் பணம் போட்டவருக்குப் பணம் போகிறது, உழைத்தவனுக்கு உழைப்பு போகிறது. டம்பெல்லும் பெஞ்சும் வாங்குவதற்கு முன்பே விகிதத்தையும், கணக்குக் காட்டும் தேதியையும், கூடத்தை மூட நேர்ந்தால் பொருள்கள் யாருக்கு என்பதையும் தாளில் எழுதி, இரண்டு சாட்சிகளிடம் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.