வலை உலரும் நாளுக்குக் கூலி எங்கே?

ஸ்ரீஅரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்புகிறது. நாடே பார்த்துக் கைதட்டுகிறது. நாமும் தட்டுகிறோம். ஏன் தட்டக்கூடாது? மந்திரம் ஓதி மேலே போகவில்லை அது. கணக்குப் போட்டு மேலே போகிறது. பொம்மை ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு திருப்பதிக்குப் போகிறவர்கள் போகட்டும். பறக்க வைப்பது எரிமருந்தும் பகுத்தறிவும்தான்!

ஆனால் தோழர்களே, அதே நாளில் அந்தத் தீவுக்குத் தெற்கே பழவேற்காட்டுக் குப்பங்களைப் பாருங்கள். படகு கரையிலே கிடக்கிறது. வலை வெயிலிலே உலர்கிறது. "இன்று கடலுக்குப் போகாதே" என்று உத்தரவு. வானிலை கெட்டோ, கருவி பழுதுபட்டோ ராக்கெட் நின்றுவிட்டால், அடுத்த நாளுக்கும் அதே உத்தரவு. நின்றுபோன ராக்கெட்டுக்கு மறுநாள் உண்டு, எரியாத அடுப்புக்கு?

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் தீவு ஸ்ரீஅரிகோட்டா. ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது. 1969-இல் அதை ஏவுதளத்துக்கென்று தேர்ந்தெடுத்தார்கள். தீவிலே காலங்காலமாக வாழ்ந்த யானாதிப் பழங்குடியினர் உள்ளிட்டோர் இடம்பெயர நேர்ந்தது. 1971 அக்டோபர் 9-இல் முதல் சிறு ராக்கெட் அங்கிருந்து பறந்தது.

ஏன் இந்தத் தீவு? பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. கிழக்கு நோக்கி ஏவினால் அந்தச் சுழற்சியின் வேகம் இனாமாகக் கிடைக்கிறது. கிழக்கே கடல், எரிந்து தீர்ந்த பாகங்கள் ஊர்மேல் விழாமல் தண்ணீரிலே விழும். அப்படியானால், கடலும் அந்த ஏவுதளத்தின் ஒரு பகுதிதானே! அந்தக் கடலில் படகு இல்லாமல் இருந்தால்தான் ராக்கெட் கிளம்ப முடியும். காலியாக்கித் தருபவன் யார்? மீனவன்! அன்று அவன் சும்மா இருக்கவில்லை. ராக்கெட்டுக்காக வேலை செய்கிறான். கூலியில்லாத வேலை!

அந்த வேலையால் வருவது என்ன? 1999 மே 26-இல் தென்கொரியாவின் செயற்கைக்கோள் ஒன்றும் ஜெர்மனியின் செயற்கைக்கோள் ஒன்றும் இங்கிருந்து போயின. 2017 பிப்ரவரி 15-இல் ஒரே ராக்கெட்டில் 104 செயற்கைக்கோள்கள். அவற்றில் 101 வெளிநாட்டாருடையவை. 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன்வெப் நிறுவனத்துக்காக 36, 36 ஆக 72 செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டன. 2015 முதல் 2024 வரை இவ்வகையில் கிடைத்த அந்நியச் செலாவணி ஏறத்தாழ 14 கோடி டாலர் என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது.

தீவுக்கு வெளிநாட்டுப் பணம் வரவேண்டுமானால் உல்லாசப் பயணி வரவேண்டும், பூநாரை பார்க்க வரவேண்டும் என்பார்கள். இதோ, பயணி ஒருவரும் கால் வைக்காமலே பணம் வருகிறது. வருகிற பணம் தீவுக்கு அடுத்த குப்பத்துக்கு வருகிறதா என்பதே நம் கேள்வி.

பழவேற்காட்டுக்கு வெளிநாட்டு வாணிபம் புதிதா? 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். நம் நெசவாளி நெய்த துணி கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் போயிற்று. அதைக் கொடுத்து வாசனைப் பொருள்களை வாங்கினார்கள். மலேசியாவிலே இன்றும் கைலிக்குப் பெயர் 'காயின் பெலிகாட்'. பெலிகாட் என்பது நமது பழவேற்காடு! இங்கே வெடிமருந்தும் செய்தார்கள். ஆயிரக்கணக்கான மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றி பத்தேவியாவுக்கும் அனுப்பினார்கள். 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். ஊருக்கு விட்டுச் சென்றது என்ன? இடிந்த கோட்டை, சித்திரம் செதுக்கிய கல்லறைகள்! செல்வம் இந்த வழியாகப் போயிற்று, இங்கே தங்கவில்லை. அந்தக் கதை இன்னொரு முறை நடக்கலாமா?

நம்மைப்போலவே ஏவுதளத்தின் நிழலில் வாழும் மக்கள் தென் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளம் உலகப் புகழ் பெற்றது; இந்தியாவின் கனத்த செயற்கைக்கோள்கள் பலவும் அங்கிருந்து போனவையே. "வானுக்குப் போக வழியுண்டு, எங்கள் ஊருக்கு நல்ல மருத்துவமனை இல்லையே" என்று 2017 மார்ச்சில் அந்த மக்கள் பொது வேலைநிறுத்தம் செய்தார்கள். பிரேசிலின் செயற்கைக்கோளும் தென்கொரியாவின் செயற்கைக்கோளும் ஏறியிருந்த ராக்கெட் ஆறு வாரம் தரையிலே நின்றது. ஏப்ரல் 21-இல் நூறு கோடி யூரோவுக்கு மேற்பட்ட திட்டத்துக்கு பிரெஞ்சு அரசு கையெழுத்திட்டது. ஏவுதளத்தின் வருமானத்தில் அண்டை ஊருக்கும் உரிமை உண்டு என்பதே அதிலிருந்து நாம் கற்கும் பாடம்.

"தேசத்தின் பெருமைக்காக ஒரு நாள் தியாகம் செய்யலாகாதா?" என்று கேட்பார்கள். விஞ்ஞானிக்குச் சம்பளம் உண்டு. வாயிற்காவலனுக்குச் சம்பளம் உண்டு. இரும்பு விற்றவனுக்கு விலை உண்டு. இன்சூரன்சுக்காரனுக்குப் பிரீமியம் உண்டு. தியாகம் மட்டும் மீனவன் பங்கா?

நாம் கேட்பது பிச்சையல்ல. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மீன் வளம் பெருகுவதற்காக. அதற்கு அரசு நிவாரணம் தருகிறது. கடலை மூடினால் ஈடு தரவேண்டும் என்ற நியாயம் ஏற்கப்பட்டுவிட்டது. அதே நியாயம் ராக்கெட் நாளுக்கும் சட்டமாகட்டும். வெளிநாட்டாரிடம் வாங்கும் ஏவுகட்டணத்திலேயே அந்தக் கூலியும் சேரட்டும். தள்ளிப்போன நாளுக்கும் கணக்கு உண்டு. ஏவுதளத்தின் தொழிற்பயிற்சியிலும் வேலையிலும் ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும். தமிழ் பேசும் பிள்ளைக்கும், தெலுங்கு பேசும் பிள்ளைக்கும், யானாதிப் பிள்ளைக்கும்!

2024 பிப்ரவரி 28-இல் நம் குலசேகரன்பட்டினத்திலும் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கேயும் கடல் உண்டு; அங்கேயும் மீனவன் உண்டு. பழவேற்காட்டில் எழுதத் தவறியதை அங்கே தொடக்கத்திலேயே எழுதியாக வேண்டும்.

தோழர்களே! குப்பத்துக்குக் குப்பம் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எந்த நாள் கடல் மூடப்பட்டது, எத்தனை படகு நின்றது, எத்தனை பேர் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள் என்று தேதியிட்டு எழுதுங்கள். அந்தக் கணக்கைச் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் கொண்டு செல்வோம். கணக்கில்லாத குறை முணுமுணுப்பாகவே முடிந்துவிடும். கணக்கோடு வந்தால் அதுவே கோரிக்கை. கணக்குத்தானே ராக்கெட்டையே மேலே ஏற்றுகிறது!