"டார்டு" என்றொரு சொல்



ஆங்கிலத்தில் "டார்டு" என்றொரு சொல் இருந்தது. இன்னும் திருத்தமாகக் கூறின், அகராதியில் மட்டும் இருந்தது. 1934-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மெரியம் நிறுவனத்தார் வெளியிட்ட வெப்ஸ்டர் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில், 771-ஆம் பக்கத்தில், அது பெயர்ச்சொல் என்றும், பௌதிக, இரசாயன நூல்களில் அடர்த்தி எனப் பொருள்படும் என்றும், உச்சரிப்புக் குறியோடு அச்சாகியிருந்தது. ஆறு லட்சம் பதிவுகள் கொண்டதெனப் பெயர்பெற்ற அந்நூலை ஐயுறத் துணிவார் யார்?

அச்சொல் பிறந்த வரலாற்றைக் கேளுங்கள். விஞ்ஞான நூல்களில் அடர்த்தியைக் குறிக்க "டி" என்னும் ஆங்கில எழுத்தைப் பெரிய வடிவிலோ சிறிய வடிவிலோ இடுவதுண்டு. ஆகவே, 1931 ஜூலை 31-ஆம் நாள், அவ்வகராதியின் இரசாயனப் பகுதி ஆசிரியரான ஆஸ்டின் பேட்டர்சன் என்பார், "பெரிய டி அல்லது சிறிய டி: அடர்த்தி" என்னும் கருத்தமைந்த சீட்டு ஒன்றை அனுப்பினார். சுருக்கக் குறிகளின் வரிசையிற் சேரவேண்டிய சீட்டு அது. "அல்லது" என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லோ ஓ, ஆர் என்னும் இரண்டே எழுத்துக்களால் ஆனது. அந்த அலுவலகத்தில் தலைச்சொற்களை எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டே தட்டச்சு செய்வது வழக்கம். எனவே டி, ஓ, ஆர், டி என்று தள்ளித் தள்ளி நின்ற நான்கெழுத்தும் ஒரே சொல்லாகக் கொள்ளப்பட்டு, சொற்களின் கட்டிற் போய்ச் சேர்ந்தன. பின்னர் இலக்கணக் குறிப்பும் வந்தது. ஒருவரும் உச்சரித்திராத சொல்லுக்கு உச்சரிப்பும் வகுக்கப்பட்டது!

முன்னவர் ஆராய்ந்திருப்பார் என்று பின்னவர் நம்புவது பெரிய அலுவலகங்களின் இயல்பு. நெடுங்காலம் விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில், எழுத்துப் பிழையைக் காட்டிலும் இத்தகைய பிழைக்கே நான் அஞ்சுவேன். எழுத்துப் பிழை கண்ணை உறுத்தும். இதுவோ நல்ல உடையணிந்து வந்த பிழை.

ஐந்தாண்டளவும் அலுவலகத்தார் அதனைக் கண்டிலர். 1939 பிப்ரவரி 28-ஆம் நாள், ஆசிரியர் ஒருவர் அச்சொல்லுக்குப் பிறப்பு வரலாறு தரப்படாமையைக் கவனித்தார். இலத்தீனா, கிரேக்கமா, எம்மொழியிலிருந்து வந்தது? பழைய சீட்டுக்களைத் தேடியபோது உண்மை வெளிப்பட்டது. அச்சுத் தகட்டை உடனே மாற்றுமாறு அவசரக் கட்டளை பிறந்தது. நீக்கிய வரியின் வெற்றிடத்தை அடைப்பதற்காக, அருகிலிருந்த ஓர் உலையைப் பற்றிய விளக்கத்தைச் சற்றே நீட்டி எழுதினர்.

இங்ஙனம் பிழையாற் பிறந்து நூல்களில் உலவும் சொற்களுக்குப் பேய்ச்சொற்கள் என்னும் பொருள்படப் பெயரிட்டவர், ஆங்கிலேய அறிஞர் வால்டர் ஸ்கீட்; ஆண்டு 1886. டார்டின் கதையை 1954-இல் விரிவாக எழுதியவர் பிலிப் கோவ். 1961-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பின் தலைமையாசிரியரும் அவரே. அடர்த்திக்கு இச்சொல் இருந்துவிட்டால்தான் என்ன என்று அவரே வேடிக்கையாக வினவியிருக்கிறார்!